மீன்குஞ்சுத் தீவனத்தில் பூண்டு, மஞ்சள், முருங்கை: எதை, எவ்வளவு, எப்படிக் கலப்பது?

கேள்வி: ஐயா, இரண்டு சிமென்ட் தொட்டிகளில் தொட்டிக்கு 2000 வீதம் திலேப்பியா குஞ்சுகள் வளர்க்கிறேன். சராசரியாக ஒரு குஞ்சு 5 கிராம் இருக்கும். அவ்வப்போது சில குஞ்சுகளுக்குத் துடுப்பின் அடிப்பகுதி சிவந்து, பிறகு செத்துப்போகின்றன. ஆன்டிபயாட்டிக் போட மனமில்லை. மூலிகை கலந்தால் நோய் வராது என்று கேள்விப்பட்டு, ஒரு கிலோ தீவனத்துக்குப் பூண்டு, பச்சை மஞ்சள், வேப்பிலை, முருங்கை இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி எடுத்து அரைத்துக் கலந்து, வெயிலில் காயவைத்துப் போட்டேன். குஞ்சுகள் வாயில் வாங்கித் துப்பின. தண்ணீரில் பச்சையாக நுரை கட்டியது. இரண்டாம் நாள் விடியற்காலையில் 60 குஞ்சுகள் மிதந்தன. மூலிகையே குஞ்சுகளுக்கு ஆகாதா? ஆகும் என்றால் எதை, எவ்வளவு, எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?

பதில்: மூலிகை குஞ்சுகளுக்கு ஆகும். நீங்கள் கலந்த அளவும் கலந்த விதமும்தான் ஆகவில்லை. ஒரு கைப்பிடி உரித்த பூண்டு 60 கிராமுக்குக் குறையாது. நான்கு கைப்பிடியும் சேர்ந்தால் ஒரு கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 200 கிராம் பச்சை அரைப்பு ஏறியிருக்கும். குஞ்சுத் தீவனத்தில் இப்படிப்பட்ட சேர்ப்புகளுக்குப் பயன்படும் அளவு, உலர்ந்த எடையில், கிலோவுக்கு 5 முதல் 10 கிராம். அதைப்போல் பல மடங்கு போனதால் கசப்பும் காரமும் தாங்காமல் குஞ்சுகள் துப்பிவிட்டன. துப்பிய தீவனம் அடியில் தங்கி அழுகும்போது கரைந்த ஆக்சிஜனைக் குடித்துவிடும், அம்மோனியாவையும் ஏற்றிவிடும். தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியற்காலை. உங்கள் குஞ்சுகள் மிதந்ததும் அந்த நேரத்தில்தான். பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் செத்திருக்கும். இலையிலிருந்து கரைந்த சப்போனினும் (சோப்புபோல் நுரைக்கும் தாவரப் பொருள், நுரை அதன் அடையாளம்) செவுளை உறுத்தியிருக்கும்.

தாவரப் பொருள் என்பதாலேயே மீனுக்குத் தீங்கில்லை என்று நினைக்கக் கூடாது. குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். அதில் மீனைக் கொல்வதும் சப்போனின்தான். செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. முருங்கை இலையிலும் அது உண்டு, வீரியம்தான் குறைவு.

அடுத்து, உங்கள் கேள்விக்குள் இருக்கும் எதிர்பார்ப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். துடுப்பு சிவந்த குஞ்சைப் பூண்டுத் தீவனம் காப்பாற்றாது. மீனுக்கு நோய் வந்தால் முதலில் நிற்பது இரைதான். தீவனத்தில் எதைக் கலந்தாலும் அது இரை எடுக்கும் குஞ்சுக்குத்தான் போகும், ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் குஞ்சுக்குப் போகாது. பூண்டு, இஞ்சி, மஞ்சள் போன்றவை நல்ல நிலையில் இருக்கும் குஞ்சின் எதிர்ப்புத் திறனைத் தூக்கி நிறுத்தும். இரத்தத்தில் லைசோசைம் என்ற நொதியின் வீரியமும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் வேகமும் கூடுவதைப் பல மீன் இனங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாற்றம் வர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ஆகவே நோய் வரும் காலத்துக்கு முன்னால் தொடங்கினால்தான் பயன். சாவு தொடங்கிய பிறகு கலக்குவது குஞ்சுகளுக்கு இன்னொரு சுமை.

அதற்கும் முன்னால் தண்ணீர். துடுப்பின் அடி சிவப்பது பெரும்பாலும் ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியாவின் வேலை. அது எப்போதும் தண்ணீரில் இருக்கிற கிருமி. குஞ்சு தளர்ந்தால்தான் உள்ளே நுழையும். எதனால் தளர்கிறது என்று பாருங்கள். கரைந்த ஆக்சிஜன் விடியற்காலையிலும் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் இருக்கட்டும். 3-க்கு வந்துவிட்டால் உயிர் தப்பினாலும் இரை குறையும், நோய் ஏறும். அம்மோனியாவை அளக்கும்போது பி.எச். அளவையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) சேர்த்தே அளக்க வேண்டும். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனுக்கு நஞ்சாகும் பங்கு 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-ல் நூற்றில் ஒன்றுகூட இல்லை. 8-ல் நூற்றுக்கு ஐந்து. 9-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். பாசி பிடித்த தொட்டியில் காலையில் 7.5 இருக்கும் பி.எச். பிற்பகலில் 9-ஐத் தொடுவது சாதாரணம். காலையில் மட்டும் அளந்து "அம்மோனியா சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒருமுறை அளந்து பாருங்கள். இந்த இரண்டும் சரியில்லாத தொட்டியில் எந்த மூலிகையும் எடுபடாது.

தண்ணீர் சரி என்றான பிறகு சேர்ப்புக்கு வருவோம். ஒரே நேரத்தில் நான்கைக் கலக்காதீர்கள். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை எடுங்கள். முதலில் எடுக்க என் பரிந்துரை பூண்டு. பல மீன் இனங்களில் சோதிக்கப்பட்டது, அளவு தெளிவாகத் தெரியும், இலைகளில் இருக்கும் டானின், பைட்டேட் (செரிமானத்தையும் சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும் பொருள்கள்) தொல்லை இதில் பெரிதாக இல்லை.

அளவைக் குஞ்சின் எண்ணிக்கையை வைத்துப் போடாமல் மொத்த எடையை வைத்துப் போடுங்கள். தொட்டியின் பல இடங்களிலிருந்து வலையில் 100 குஞ்சுகளை அள்ளி, எடை பார்த்து வைத்த தண்ணீர் வாளியில் விட்டு மறுபடி எடை பாருங்கள். கூடிய எடையை 100-ஆல் வகுத்தால் சராசரி. உங்கள் கணக்கில் 4000 குஞ்சு, 5 கிராம் வீதம் 20 கிலோ. இந்தப் பருவத்தில் உடல் எடையில் 5 சதவீதம் தீவனம் என்று வைத்தால் நாளுக்கு 1 கிலோ. அதற்குப் பூண்டுத் தூள் என்றால் 5 கிராமில் தொடங்கி 10 கிராம் வரை போகலாம். பச்சைப் பூண்டு என்றால் உரித்த எடையில் 15 முதல் 30 கிராம், ஏனென்றால் பச்சைப் பூண்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். வாரம் ஒருமுறை எடை பார்த்துத் தீவனத்தைத் திருத்தும்போது பூண்டையும் திருத்துங்கள். சமையலறைத் தராசு போதும், ஆனால் 1 கிராம் வரை காட்ட வேண்டும். கைப்பிடிக் கணக்கை இதோடு விட்டுவிடுங்கள்.

பச்சைப் பூண்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூண்டின் வேலைக்குக் காரணமான அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது. பல்லை நசுக்கும்போது அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அப்போதுதான் உண்டாகிறது. நசுக்கிய உடனே கொதிநீரில் போட்டாலோ வறுத்தாலோ நொதி செத்துவிடும், அல்லிசின் சரியாக உண்டாகாது. அதனால் அரைத்த விழுதைப் பரப்பி 10 நிமிடம் சும்மா விடுங்கள். கண்ணை உறுத்தும் அந்தக் கார நெடி கிளம்ப வேண்டும். உண்டான பிறகும் அல்லிசின் நிலையாக நிற்காது, வெயிலும் சூடும் அதைச் சிதைக்கும். நீங்கள் வெயிலில் காயவைத்ததில் நல்லது பெரும்பாலும் போய், கசப்பு மட்டும் மிஞ்சியது. தூள் வாங்குவதானால் குறைந்த சூட்டில் உலர்த்திய வெளிர் நிறத் தூளாக இருக்கட்டும். பழுப்பேறியது வேண்டாம். நம்பகமான தூள் என்பதற்கு எளிய சோதனை: அரைத் தேக்கரண்டித் தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் ஓரிரு நிமிடத்தில் நெடி எழ வேண்டும். நொதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நெடியே இல்லாத தூளால் பயன் குறைவு.

இனி பூசும் முறை. ஒரு கிலோ தீவனத்துக்குச் சொல்கிறேன். 15 கிராம் பூண்டு விழுதை 10 நிமிடம் விட்டபின் 50 மில்லி தண்ணீரில் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். குஞ்சுத் தீவனம் 1 மில்லிமீட்டர் குருணை. அதன்மேல் பூண்டு நார் ஒட்டினால் குஞ்சு அதைத் துப்பும். இன்னொரு கிண்ணத்தில் 10 கிராம் ஜெலட்டினை 40 மில்லி சூடான தண்ணீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுப் பூண்டுச் சாற்றோடு சேருங்கள். ஜெலட்டின் வேண்டாம் என்றால் கொத்தவரைப் பிசின் தூள் 3 அல்லது 4 கிராம் போதும், ஆனால் அதை உலர்ந்த நிலையிலேயே தண்ணீரில் தூவித் தூவிக் கலக்க வேண்டும், இல்லையென்றால் கட்டி கட்டியாக நிற்கும். தீவனத்தை அகலமான தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, கரைசலைத் தெளிப்பானில் ஊற்றி மூன்று சுற்றாகத் தெளியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் இரண்டு கையாலும் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். மொத்தத் தண்ணீர் 100 மில்லியைத் தாண்டினால் குருணை ஊறிக் கரைந்துவிடும். பெரிய குஞ்சுகளுக்கான 2 மில்லிமீட்டர் மிதவைத் தீவனம் 150 மில்லி வரை தாங்கும். பிறகு நிழலில் மின்விசிறிக் காற்றில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். கையில் ஒட்டாமல் உதிரும்போது 10 மில்லி மீன் எண்ணெயோ தாவர எண்ணெயோ தெளித்து ஒருமுறை புரட்டிவிட்டு, கால் மணி நேரம் விட்டால் தீவனம் தயார். எண்ணெய்ப் படலம் தண்ணீரில் கரைவதைத் தாமதப்படுத்தும்.

பூச்சு நின்றதா என்று தெரிய, தெளிந்த கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து 20 குருணையைப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் குருணையைச் சுற்றிப் புகைபோல் வெண்மையாகப் படர்ந்தால் பிசின் போதவில்லை, அல்லது காயவில்லை. ஐந்து நிமிடம் தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி. திலேப்பியா குஞ்சு மேலே வந்து ஒரு நிமிடத்துக்குள் தின்றுவிடும், அதற்கு இது தாராளம். அடியில் நின்று மெதுவாகத் தின்னும் கெண்டைக் குஞ்சுகளுக்குப் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும், பிசினை ஒன்றரை மடங்காக்குங்கள்.

பூசிய தீவனத்தில் ஈரம் கூடுதல். சாதாரணத் தீவனம் 10 சதவீத ஈரத்துக்குள் இருக்கும், அதனால்தான் மாதக்கணக்கில் தாங்குகிறது. உங்களுடையது தாங்காது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே பூசுங்கள். மிஞ்சினால் குளிர்பெட்டியில் மூடி வைத்து மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ முடித்துவிடுங்கள். ஒருவாரத்துக்கு மொத்தமாகப் பூசி மூட்டையில் கட்டி வைப்பதுதான் நான் பார்க்கும் தவறுகளிலேயே மோசமானது. பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், குஞ்சு வெளுத்து வளர்ச்சி நிற்கும். காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. எதிர்ப்புத் திறனுக்காகப் பூசிய தீவனமே எதிர்ப்புத் திறனை அழித்துவிடும். பூஞ்சை வாடை வந்த தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே போடாதீர்கள், பூண்டு வாடை அதை மறைத்துவிடும் என்பதால் பூசும் முன்பே முகர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முதல் நாளே முழு அளவு வேண்டாம். முதல் நாள் கால் பங்கு, இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாளிலிருந்து முழு அளவு. காலையில் வெயில் ஏறி ஆக்சிஜன் கூடிய பிறகு முதல் வேளையைப் போடுங்கள், பசியோடு இருக்கும். கரையில் நின்று பாருங்கள். குருணையை வாயில் வாங்கி, ஒரு நொடி நின்று, தலையை உதறித் துப்பிவிட்டு, மறுபடி அதையே வாங்கினால் பழகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துப்பியதைத் திரும்பிப் பார்க்காமல் போனால் அளவு அதிகம். அந்த வேளையை அத்தோடு நிறுத்தி, மிதப்பதை அள்ளிவிட்டு, முந்தைய நாள் அளவுக்கு இறங்குங்கள். நாளுக்கு மூன்று நான்கு வேளை பிரித்துப் போடும்போது எல்லா வேளைக்கும் பூசிய தீவனமே இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு மட்டும் பூசிப் போட்டால் குஞ்சுக்குச் சேர்வது கால் பங்கு மருந்துதான். ஒரே வேளையில் நாலு மடங்கு ஏற்றினால் பழையபடி துப்பும்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று முதல் நான்கு வாரம் கொடுத்து, இரண்டு வாரம் நிறுத்துங்கள். தேவைப்பட்டால் மறுபடி தொடங்கலாம். எதிர்ப்புத் திறனைத் தூண்டும் எதையும் இடைவிடாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் உடல் அதற்குப் பழகி, தூண்டல் மங்கிவிடுகிறது. சில சமயம் வளர்ச்சியும் குறைகிறது. ஆகவே நாள்காட்டியை வைத்துத் திட்டமிடுங்கள். குஞ்சுகளைத் தரம் பிரிக்கும் நாள், தொட்டி மாற்றும் நாள், வெப்பநிலை சட்டென்று மாறும் பருவம் இவை எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கினால், குஞ்சு தளரும் நேரத்தில் எதிர்ப்புத் திறன் உச்சத்தில் இருக்கும். ஏற்றுமதிக்கோ வேறு குளத்துக்கோ கொண்டுபோகும் முன் ஒரு நாள் தீவனத்தையே நிறுத்த வேண்டும், பூசியதும் அதில் சேர்ந்ததுதான்.

மஞ்சள் இரண்டாவது தேர்வு. கிலோவுக்கு 5 கிராம் தூள். இதன் வேலைக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் தண்ணீரில் கலக்கித் தெளிப்பதால் பயனில்லை. 15 மில்லி எண்ணெயில் தூளைக் குழைத்து நேரடியாகத் தீவனத்தில் புரட்டுங்கள், இதற்குப் பிசினும் தேவைப்படாது. விற்பனைத் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் கலப்படம் உண்டு. கிழங்கை வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்வது பாதுகாப்பு. இஞ்சித் தூளும் இதே 5 கிராம்தான். பூண்டுக்கு ஓய்வு கொடுக்கும் இரண்டு வாரத்தில் மஞ்சளை நுழைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், ஓய்வு ஓய்வாகவே இருக்கட்டும்.

முருங்கை இலையைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதை மருந்தாக நினைப்பதைவிடத் தீவனப் பொருளாக நினைப்பது நல்லது. உலர்ந்த இலையில் கால் பங்குக்கு மேல் புரதம், நிறையக் கரோட்டின், சுண்ணாம்புச் சத்து. கூடவே சப்போனின், டானின், பைட்டேட். டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கும், கசப்பும் அதனால்தான். பைட்டேட் துத்தநாகத்தையும் பாஸ்பரஸையும் குடலில் சேரவிடாது. திலேப்பியா இலையை ஓரளவு செரிக்கும் மீன். இருந்தாலும் 5 கிராம் குஞ்சுக்கு கிலோ தீவனத்தில் 20 கிராம் இலைத் தூளுக்கு மேல் நான் சொல்ல மாட்டேன். விரால், கொடுவா போன்ற ஊனுண்ணிக் குஞ்சுகளுக்கு அதுவும் அதிகம். அவற்றின் குடல் குட்டை, தாவர நாரைத் தாங்காது.

இலையைப் பக்குவப்படுத்தினால் தொல்லை குறையும். காம்பு நீக்கிய இலையைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்தி, அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சப்போனினிலும் டானினிலும் ஒரு பகுதி அதோடு போகும். சில வைட்டமின்களும் போகும்தான், அது ஏற்கத்தக்க இழப்பு. தொட்டியில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பிறகு நிழலில், கையில் நொறுங்கும் வரை உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் தேறும். இதைக் குருணையின் மேல் பூசினால் ஒட்டாது, உதிர்ந்து தண்ணீரைப் பச்சையாக்கும். நீங்களே தீவனம் பிழிகிறவராக இருந்தால் மாவோடு சேர்த்துப் பிசைந்து பிழியுங்கள். வாங்கிய தீவனம்தான் போடுகிறீர்கள் என்றால் முருங்கையை விட்டுவிடுங்கள், பூண்டு போதும்.

வேப்பிலையைக் குஞ்சுத் தொட்டிக்குள் கொண்டுவராதீர்கள். மிகச் சிறு அளவில் தீவனத்தில் கலந்து நல்ல பலன் கண்ட ஆய்வுகள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். இலையில் இருக்கும் வீரியமும் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். அரைத்த சாறு தண்ணீரில் கரைந்தால் நேராகச் செவுளைத் தாக்கும். 5 கிராம் குஞ்சில் இந்தச் சோதனை தேவையில்லை. மரவள்ளி இலையும் (சயனைடு), சூபாபுல் இலையும் (மிமோசின்) பச்சையாக வேண்டவே வேண்டாம். வேகவைக்காத சோயாவும் கூடாது. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, சூடுபடுத்தினால்தான் அது செயலிழக்கும்.

பலன் இருக்கிறதா என்று எப்படி அறிவது? உங்களிடம் இரண்டு தொட்டிகள் இருப்பது நல்ல வாய்ப்பு. ஒரே தொகுதிக் குஞ்சுகளைக் கலந்து, பெரியது ஒரு பக்கம் சிறியது ஒரு பக்கம் என்று ஒதுங்காமல், இரண்டுக்கும் சமமாகப் பிரியுங்கள். ஒன்றுக்குப் பூண்டு பூசிய தீவனம். மற்றதற்கு அதே தண்ணீர், அதே ஜெலட்டின், அதே எண்ணெய் பூசி, பூண்டு மட்டும் இல்லாத தீவனம். இந்த இரண்டாவதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. வெறும் தீவனத்தோடு ஒப்பிட்டால், கூடிய வளர்ச்சி பூண்டினாலா எண்ணெயினாலா என்று தெரியாது. நான்கு வாரத்துக்குப் போட்ட தீவனம், செத்த குஞ்சு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை 50 குஞ்சின் எடை இவற்றை நோட்டில் எழுதுங்கள். போட்ட மொத்தத் தீவனத்தைக் கூடிய மொத்த எடையால் வகுத்தால் தீவன மாற்று விகிதம் கிடைக்கும். 24 கிலோ போட்டு 20 கிலோ கூடியிருந்தால் 1.2. ஒரு தொட்டி இயல்பாகவே நன்றாக வளர்க்கும் தொட்டியாக இருக்கலாம், அதனால் அடுத்த தொகுதிக்குத் தொட்டிகளை மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் பூண்டுத் தொட்டியில் சாவு குறைந்தால் நம்பலாம். வளர்ச்சி சமமாக இருந்து சாவு மட்டும் குறைந்தாலும் அது வெற்றிதான். இந்தச் சேர்ப்புகளிடம் முதன்மையாக எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்கும் உங்கள் எண்ணத்தை மனதார ஆதரிக்கிறேன். வளர்ச்சிக்காகக் கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே முழுமையாகத் தடைசெய்துவிட்டது. நோய் வருமோ என்று முன்கூட்டிக் கலப்பது அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைத்தான் வளர்க்கும். ஆனால் கிருமி இன்னதென்று சோதித்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து, கால்நடை மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாளுக்குக் கொடுப்பது வேறு. தொட்டி முழுக்கச் சாகும்போது அதையும் மறுத்துவிட்டுப் பூண்டையே நம்பி இருக்காதீர்கள்.

இப்போது உங்கள் தொட்டியில் உடனே செய்ய வேண்டியது: கலவைத் தீவனத்தை நிறுத்துங்கள். அடியில் கிடக்கும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். அதே வெப்பநிலையில் உள்ள, குளோரின் இல்லாத தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். காற்றூட்டியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு நாள் தீவனமே வேண்டாம், அடுத்த இரண்டு நாள் வழக்கமான தீவனத்தில் பாதி. துடுப்பு சிவந்தவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றி, உயிரோடு இருக்கும் ஒன்றின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு என்றால் செவுள் நலம். காப்பி நிறம் என்றால் தண்ணீரில் நைட்ரைட் (அம்மோனியா மாறி உண்டாகும் நஞ்சு) ஏறியிருக்கிறது. வெளுத்து வழவழவென்று சளி கட்டியிருந்தால் ஒட்டுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும், அப்போது சாவுக்குக் காரணம் பாக்டீரியா மட்டும் இல்லை. ஒட்டுண்ணிக்கு லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்புக் கரைசலில் 5 முதல் 10 நிமிடக் குளியல் உதவும். காற்றூட்டி ஓட வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், குஞ்சு சாயத் தொடங்கினால் நேரம் பார்க்காமல் நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும்.

மூன்று நாளில் சாவு குறையவில்லை என்றால் பக்கத்தில் உள்ள மீன் நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து மிதந்ததை எடுத்துப் போகாதீர்கள். சில மணி நேரத்திலேயே அழுகல் கிருமிகள் பெருகி, உண்மையான காரணத்தை மறைத்துவிடும். நோய் அறிகுறி உள்ள, உயிரோடு இருக்கும் ஐந்தாறு குஞ்சுகளை, தொட்டித் தண்ணீரோடு, ஆக்சிஜன் நிரப்பிய பையில் கொண்டுபோங்கள். தனி பாட்டிலில் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரும், நீங்கள் போட்ட தீவனத்தில் ஒரு கைப்பிடியும், கடைசிப் பத்து நாளில் என்றைக்கு எத்தனை செத்தது என்ற குறிப்பும் சேர்ந்து இருந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும். பூண்டுத் தீவனத்தை, சாவு நின்று, குஞ்சுகள் போட்ட தீவனத்தை முழுதாக எடுக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு, கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.